லேப்டாப் வந்த பிறகும் பிரெயில் தேவையா? கணக்குப் பாடம் எடுக்கலாமா?

ஒரு தாயின் கேள்வி இது. மகனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை சிறப்புப் பள்ளியில் தங்கி, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலில் படித்தான். இப்போது சொந்த ஊர் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில், எட்டாம் வகுப்பு. "பேசுற லேப்டாப் வாங்கிக் குடுத்தா போதும், இனிமே பிரெயில் எதுக்கு?" என்கிறார்கள் உறவினர்கள். பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் இவனுக்கு ஆகாது, வரலாறு எடுக்கட்டும் என்றும் சிலர் சொல்கிறார்களாம். எது சரி, எதை வாங்குவது, பிரெயில் திரை என்ற கருவி வேண்டுமா, இதைப் பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று கேட்டிருக்கிறார்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பிரெயிலை விட வேண்டாம். லேப்டாப்பும் வேண்டும். கணக்கு எடுக்கலாம்; ஆனால் அதற்கான தயாரிப்பைப் பதினொன்றாம் வகுப்பு வரும்வரை தள்ளிப்போட முடியாது, இப்போதே தொடங்க வேண்டும். எதை வாங்குவது என்பதைக் கடைசியாக யோசியுங்கள். பார்வையற்ற மாணவர்களுக்குக் கணினி சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை என்பதால், ஆராய்ச்சி முடிவுகளோடு வகுப்பறையில் தினமும் பார்ப்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வாங்குவதை ஏன் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்? உதவிக் கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சிகளில் இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 1993இல் அமெரிக்காவில் பெட்ஸி பிலிப்ஸ், ஹாங்சின் ஜாவ் இருவரும் வெளியிட்ட ஆய்வு. பல வகைக் குறைபாடுகள் உள்ள 227 பெரியவர்களிடம், வாங்கிய கருவிகள் என்ன ஆயின என்று கேட்டார்கள். 29.3 சதவீதக் கருவிகள் முழுதாகக் கைவிடப்பட்டிருந்தன. அதாவது, பத்துக்கு மூன்று. அவர்கள் கண்ட காரணங்களில் முதன்மையானது, பயன்படுத்தப் போகிறவரின் கருத்தை யாரும் கேட்காதது. கருவி மிகச் சுலபமாகக் கைக்கு வந்துவிட்டதும் ஒரு காரணமாக இருந்தது. கருவி சரியாக வேலை செய்யாதது, தேவை மாறிப்போனது ஆகியவை மற்ற இரண்டு. முப்பது ஆண்டு கழித்தும் இதே காட்சியை நான் பார்க்கிறேன். கருவி வழங்கும் முகாமில் மாலை மரியாதை, புகைப்படம் எல்லாம் முடிந்து கருவி வீட்டுக்கு வரும். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால் பீரோ மேலே ஏறிவிடும்.

இதற்கு மாற்றாகச் சிறப்புக் கல்வி வட்டாரத்தில் பலரும் கையாளும் முறையை உருவாக்கியவர் ஜாய் ஜபாலா. முதலில் பிள்ளையைப் பார், பிறகு அவன் இருக்கும் சூழலைப் பார், அங்கே அவன் செய்ய வேண்டிய வேலைகளைப் பார், அதன் பிறகே கருவியைத் தேடு. இந்த வரிசைதான் அதன் சாரம். உங்கள் மகனின் ஒரு நாளை இப்படி எழுதிப் பாருங்கள். கரும்பலகையில் எழுதுவது அவனுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? பாடப் புத்தகத்தைத் தானாகப் படிக்கிறானா, யாராவது படித்துக் காட்டுகிறார்களா? வீட்டுப்பாடத்தை எதில் எழுதுகிறான், அதை ஆசிரியர் எப்படித் திருத்துகிறார்? வடிவியல் படம் வரும்போது என்ன செய்கிறான்? இப்படி எழுதும்போது சில பிரச்சினைகளுக்குக் கருவியே வேண்டாம் என்று தெரியவரும். "இதையும் இதையும் கூட்டினா இது வரும்" என்று பலகையைக் காட்டிச் சொல்லும் ஆசிரியர், "ஏழையும் ஐந்தையும் கூட்டினா பன்னிரண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் அங்கே ஒரு பெரிய தடை போய்விடுகிறது. செலவு ஒரு பைசா இல்லை. இதைப் போய்க் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

சரி, பிரெயிலா குரலா என்ற கேள்விக்கு வருவோம். ரூபி ரைல்ஸ் என்பவர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பிறவியிலேயே பார்வைக் குறைபாடு உள்ள பெரியவர்களை எடுத்துக்கொண்டு, சிறு வயதில் பிரெயில் கற்றவர்களையும் அச்செழுத்தை மட்டும் வைத்துச் சமாளித்தவர்களையும் ஒப்பிட்டார். வேலையில்லாதவர்கள் முதல் குழுவில் 44 சதவீதம், இரண்டாம் குழுவில் 77 சதவீதம். பிரெயில் கற்றவர்களிடம் புத்தகம் படிக்கும் பழக்கமும் கூடுதலாக இருந்தது. இது சிறிய ஆய்வு, எழுபதுக்குச் சற்று மேற்பட்டவர்களை வைத்துச் செய்தது. பிரெயில் கற்றுக் கொடுக்குமளவு அக்கறையுள்ள குடும்பத்தில் பிறந்ததும் அந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே பிரெயில் படித்தால் வேலை நிச்சயம் என்று இதை வைத்து யாரும் சொல்லக் கூடாது. ஆனால் இது காட்டும் திசை, நான் வகுப்பில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

தமிழில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. என்னிடம் படித்த ஒரு மாணவன் கெட்டிக்காரன், தட்டச்சு வேகம் அபாரம். பிரெயிலைச் சீக்கிரமே விட்டுவிட்டு முழுக்கக் குரலை நம்பிப் படித்தவன். அவன் எழுதிய கட்டுரையில் "அப்பா தினமும் காலையில் பனிக்குப் போகிறார்" என்று இருந்தது. கணினியை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பிழை எதுவும் அவன் காதுக்குத் தெரியவில்லை. தெரியவும் முடியாது. பனியும் பணியும், கரியும் கறியும் அந்தக் குரலில் ஏறக்குறைய ஒன்றுதான். திரையில் உள்ளதை வாசிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரை வேகம் கூட்டி ஓடவிட்டுக் கேட்பது இவர்கள் எல்லோருக்கும் பழக்கம். அந்த வேகத்தில் ல, ள, ழ வேறுபாடும் கரைந்துவிடும். "படித்துக்கொண்டு" என்பதில் ஒற்று எங்கே மிகுகிறது என்பதெல்லாம் காதால் பிடிக்கக் கூடியதே இல்லை. விரலில் அப்படியில்லை. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் னகரத்துக்கு வேறு புள்ளிகள், ணகரத்துக்கு வேறு புள்ளிகள். தடவும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின் எழுத்து உருவம் விரல் வழியே மனதில் படிகிறது. பார்க்கும் பிள்ளைகள் கடைப் பலகையையும் பேருந்துப் பெயரையும் தினமும் பார்த்துப் பார்த்து எழுத்தைப் பதித்துக்கொள்கிறார்கள். பார்வையற்ற பிள்ளைக்கு அந்த வாய்ப்பு பிரெயிலில் மட்டுமே உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோரிஹிரோ சடாட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 1996இல், சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் வாசிக்கும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வழக்கமாகக் கண்ணிலிருந்து வருவதைக் கையாளும் பின்மூளைப் பகுதி, விரலிலிருந்து வருவதற்கு வேலை செய்துகொண்டிருந்தது. சிறு வயதிலேயே தொடங்குவதற்கு இது வலுவான காரணம் என்று நான் நினைக்கிறேன். உங்கள் மகன் ஏற்கெனவே ஐந்து வருடம் படித்திருக்கிறான். கையில் இருப்பதை மங்கவிடாமல் காப்பாற்றினால் போதும். தினமும் கொஞ்ச நேரமாவது, பாடம் அல்லாத, அவனுக்குப் பிடித்த ஒன்றைப் பிரெயிலில் வாசிக்கட்டும். பிரெயில் புள்ளிகளைக் கையால் குத்தி எழுதும் சிலேட்டும் ஸ்டைலஸும் பையில் எப்போதும் இருக்கட்டும். வாய்ப்பிருந்தால் பெர்கின்ஸ் பிரெயிலர் என்ற பிரெயில் தட்டச்சுப்பொறி ஒன்று. காட்பாடியிலுள்ள வொர்த் அறக்கட்டளையிலேயே அதைத் தயாரிக்கிறார்கள். சிலேட்டில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். பிரெயிலரில் அடிக்க அடிக்க அதே பக்கத்திலேயே தடவிப் பார்க்கலாம். கணக்குப் போடும் பிள்ளைக்கு இந்த வசதி மிகப் பெரியது.

குரல் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தைப் பிரெயிலில் அடித்தால் பல பெரிய தொகுதிகள் ஆகும். அத்தனையையும் சுமக்கவும் முடியாது, அத்தனையும் நேரத்துக்கு வந்து சேரவும் சேராது. நிறையப் படிக்க வேண்டியதைக் காதால் படிக்கட்டும். எழுத்துப் பிழை, இலக்கணம், கவிதை, கணக்கு இவையெல்லாம் விரலுக்கு. என் மாணவர்களில் நன்றாக மேலே வந்தவர்கள் எல்லோருமே இரண்டையும் வைத்துக்கொண்டவர்கள்.

வேறு குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்கலாம் என்பதால் நடுவில் ஒரு செய்தி. பேச்சு வராத குழந்தைக்குப் படம் தொட்டால் பேசும் கருவியைக் கொடுத்தால், அது வாய் திறந்து பேசவே முயலாது என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகளைச் சில குடும்பங்கள் தவிர்ப்பதற்கு இதுதான் காரணம். 2006இல் மில்லர், லைட், ஸ்லாசர் ஆகியோர் அதுவரை வந்த ஆய்வுகளில் நம்பத்தக்கவற்றைத் தொகுத்துப் பார்த்தார்கள். 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. பயப்படாமல் கொடுங்கள்.

இப்போது லேப்டாப். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைப் போடுங்கள். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர் உருவாக்கியது, 2006இல் தொடங்கியது. முற்றிலும் இலவசம். திரையில் உள்ளதைப் பேசும், தமிழும் பேசும். அதனுடனே வரும் ஈஸ்பீக் குரல் முதலில் கேட்கும்போது இரும்பு மனிதன் பேசுவதுபோல் இருக்கும், பெற்றோருக்குப் பிடிக்காது. ஆனால் வேகம் கூட்டினாலும் தெளிவு கெடாது என்பதால் பிள்ளைகள் பழகிவிடுவார்கள். கதை கேட்பதற்கு விண்டோஸிலேயே உள்ள வள்ளுவர் குரலை வைத்துக்கொள்ளலாம். தட்டச்சுக்குத் தமிழ்99 பழக்குங்கள். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம் என்ற ஒழுங்கு, விசைகளைப் பார்க்காமல் அடிப்பவருக்கு மிகவும் கைகொடுக்கிறது. செல்போனில் அடிப்பதுபோல ஆங்கில ஒலியை வைத்துத் தமிழ் அடிக்கும் முறை வேண்டாம். எந்த ல, எந்த ந என்பதை மென்பொருள் ஊகித்துப் போட்டுவிட்டால் அவனுக்குத் தெரியாமலே போய்விடும்.

மென்பொருள் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் முதல் வாரத்திலேயே ஒரு சுவரில் முட்டுவீர்கள். யாரோ அன்பாக அனுப்பிய தமிழ்க் குறிப்புகளை வேர்டில் திறப்பான். திரையில் நமக்கு அழகாக "அம்மா" என்று தெரியும். என்விடிஏ "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று படிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது என்பதே காரணம். அவற்றில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். மேலே போர்த்திய உருவம் மட்டுமே தமிழ். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஸ்கிரீன் ரீடருக்கு உருவம் தெரியாது. தமிழ்நாடு அரசு 2010லேயே, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் அச்சகங்களிலும் டிடிபி மையங்களிலும் வினாத்தாள் அடிக்கும் இடங்களிலும் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வேர்டு கோப்பாகக் கிடைத்தால் என்எச்எம் கன்வெர்ட்டரிலோ இணையத்தில் உள்ள பொங்குதமிழ் மாற்றியிலோ போட்டு யூனிகோடாக்கிவிடலாம், ஒரு நிமிட வேலை.

பிடிஎஃப் அதைவிடச் சிக்கல். யூனிகோடில் அடித்ததாகவே இருந்தாலும், பிடிஎஃப் ஆனதும் கொம்பும் காலும் இடம் மாறிப்போவது சாதாரணம். அப்போது எழுத்துணரியை, அதாவது ஓசிஆரை, நாட வேண்டும். கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழை நன்றாகவே எடுத்துக் கொடுக்கிறது. இந்தியாவிலும் இதில் நல்ல வேலை நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. ராமகிருஷ்ணனின் குழு உருவாக்கிய தமிழ் எழுத்துணரி, அச்சுப் புத்தகங்களைப் பிரெயிலாக மாற்றுவதற்கும் பயன்பட்டிருக்கிறது. எந்த எழுத்துணரியாக இருந்தாலும் இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கங்களிலும் அட்டவணைகளிலும் தடுமாறும். ஒரு பத்தியின் பாதி வரியை மறு பத்தியின் பாதி வரியோடு சேர்த்துவிடும். பார்க்கும் ஒருவர் ஒருமுறை சரிபார்த்தே தீர வேண்டும். இந்த வேலைக்கு வீட்டில் ஒரு அக்காவோ, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரோ கிடைத்தால் அது விலையுயர்ந்த எந்தக் கருவியையும் விட மேலான உதவி. செய்பவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: பாடத் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது, வேர்டில் உள்ள தலைப்பு வகையைப் போட வேண்டும். அப்படிப் போட்டால், அவன் ஒரே ஒரு விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். போடாவிட்டால் இருநூறு பக்கத்தையும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

புத்தகத்தை ஸ்கேன் செய்தால் காப்புரிமைப் பிரச்சினை வருமோ என்று சிலர் தயங்குகிறார்கள். வராது. 2012இல் திருத்தப்பட்ட நம் காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவுக்கு நூல்களை மாற்றுவதையும் அதை அவர்களோடு பகிர்வதையும், லாப நோக்கம் இல்லாதவரை, அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்காக 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியாதான். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் ஏற்கெனவே மாற்றப்பட்ட நூல்கள் கிடைக்கும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழைக் காட்டி உங்கள் மகனை உறுப்பினராக்கிவிடுங்கள். யாரோ செய்து வைத்திருப்பதை நீங்கள் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை.

கணக்கு. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் மிக அதிகமாக இழப்பு நடப்பது இங்கேதான். பத்தாம் வகுப்பு முடிந்ததும், எந்தச் சோதனையும் செய்து பார்க்காமல், "உனக்குக் கலைப் பாடம்தான்" என்று முடிவு கட்டப்பட்ட எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். நியூயார்க்கில் 1918இல் பார்வையின்றிப் பிறந்த ஆபிரகாம் நெமத்துக்கும் இதைத்தான் சொன்னார்கள். கணிதம் உனக்குச் சரிவராது என்று ஆலோசகர்கள் திருப்பிவிட, அவர் உளவியலில் முதுகலை முடித்தார். பிறகு கணிதத்துக்கே திரும்பி வந்து, டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கணிதம் கற்பித்தார். அவர் தன் தேவைக்காக உருவாக்கி, 1952இல் ஏற்கப்பட்டதுதான் கணிதத்துக்கான நெமத் பிரெயில் குறியீடு.

அது ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு சின்ன உதாரணத்தில் பாருங்கள். "எக்ஸ் பிளஸ் ஒன் பை டூ" என்று ஆசிரியர் சொல்கிறார். எக்ஸுடன் அரையைக் கூட்டுவதா, எக்ஸையும் ஒன்றையும் கூட்டி இரண்டால் வகுப்பதா? எக்ஸ் மூன்று என்றால் முதலாவதற்கு விடை மூன்றரை, இரண்டாவதற்கு இரண்டு. பார்க்கும் மாணவனுக்குக் கோடு எவ்வளவு நீளம் என்று பார்த்தவுடன் தெரிகிறது. காதால் கேட்பவனுக்குத் தெரிய வழியில்லை. அவன் தவறான விடை எழுதினால் "இவனுக்குக் கணக்கு வராது" என்ற பெயர் வந்துவிடுகிறது. நெமத் குறியீட்டில் பின்னம் தொடங்கும் இடத்துக்கு 1, 4, 5, 6 புள்ளிகள் கொண்ட குறி, நடுக்கோட்டுக்கு 3, 4 புள்ளிகள், முடியும் இடத்துக்கு 3, 4, 5, 6 புள்ளிகள். விரல் அதைத் தொட்டதும் எது மேலே, எது கீழே என்பதில் சந்தேகமே வராது.

இதே சிக்கலைக் குரலில் தீர்த்துக் காட்டியவர் டி. வி. ராமன். பதினான்கு வயதில் பார்வையை இழந்தவர், மும்பை ஐஐடியில் படித்தவர். 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக, கணிதத்தை ஒலியாக வாசிக்கும் ஒரு மென்பொருளைச் செய்தார். அடுக்கு எண் வந்தால் குரலின் சுருதி உயரும், கீழொட்டு, அதாவது எழுத்தின் கீழே வரும் சிறு எண், வந்தால் தாழும். கோட்டின் நீளம் கண்ணுக்குச் சொல்வதைக் குரலின் ஏற்ற இறக்கம் காதுக்குச் சொல்கிறது. இன்று பரவலாகிவிட்ட வழி வேறு: இணையப் பக்கத்திலோ வேர்டிலோ சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல், சமன்பாடாகவே உள்ளிட வேண்டும். அப்போது என்விடிஏ, மேத்கேட் என்ற கணித வாசிப்பு மென்பொருளோடு சேர்ந்து, "பின்னம், தொகுதி இது, பகுதி இது" என்கிற வகையில் ஆங்கிலத்தில் வாசிக்கும். அம்புக்குறியால் சமன்பாட்டுக்குள் புகுந்து துண்டு துண்டாகக் கேட்கலாம். எழுத்தைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் திரை இருந்தால் அதே சமன்பாடு நெமத்திலும் விரலுக்கு வரும். படமாக ஒட்டிய சமன்பாட்டுக்கு வந்ததும் "கிராபிக்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடும். ஆசிரியரிடமோ குறிப்புகள் அடிப்பவரிடமோ நீங்கள் கேட்க வேண்டிய முதல் உதவி இதுதான்.

எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே என்னென்ன தொடங்கலாம்? சிறப்புப் பள்ளியில் டெய்லர் பிரேம் பழகியிருப்பான். எண்கோணக் குழிகளில் அச்சு போன்ற ஆணிகளைத் திருப்பி வைத்து எண்களாக்கும் பலகை. கூட்டல் கழித்தல் பெருக்கலுக்கு அது போதும். இயற்கணிதம் வந்ததும் அது திணறும், ஆகவே நெமத் குறியீட்டை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநருக்கு நெமத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் அவன் முன்பு படித்த சிறப்புப் பள்ளியின் கணக்கு ஆசிரியரிடம் கோடை விடுமுறையில் போய் உட்காரட்டும். வடிவியலுக்கு ரப்பர் விரிப்பின் மேல் வைத்து வரையும் ஜெர்மன் பிலிம் தாள் இருக்கிறது. சாதாரண பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடு அப்படியே மேலே எழும்பி விரலுக்குத் தெரியும். அவனே வரையலாம், இதுதான் முக்கியம். பிறர் செய்து கொடுத்த படத்தைத் தடவுவதற்கும், தானே முக்கோணம் வரைந்து கோணத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கும் புரிதலில் நிறைய வேறுபாடு உண்டு. பாடப் புத்தகப் படங்களைப் புடைப்புப் படங்களாக அச்சிடுவதில் டெல்லி ஐஐடியில் பிறந்த ரெய்ஸ்டு லைன்ஸ் பவுண்டேஷன் நல்ல பணி செய்கிறது. அது கிடைக்கும்வரை பெவிகாலும் நூலும் போதும். ஒரு எச்சரிக்கை: புத்தகத்தில் உள்ள படத்தை அப்படியே நூலால் ஒட்டாதீர்கள். விரல் ஒரே நேரத்தில் சிறிது இடத்தைத்தான் உணரும். தேவையில்லாத கோடுகளை நீக்கி, பெரிதாக, ஒரு தாளில் ஒரு கருத்து என்று செய்யுங்கள்.

பிரெயில் திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோப்பில் உள்ள எழுத்துகளைச் சிறு ஊசிகளாக எழுப்பி விரலுக்குக் காட்டும் கருவி அது. ஆர்பிட் ரீடர் போன்ற இருபது எழுத்துத் திரைகள் வந்த பிறகு விலை முன்பைவிட இறங்கியிருக்கிறது, ஆனாலும் சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. கடன் வாங்கி வாங்காதீர்கள். பதினெட்டு வயது வரை, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள மாணவர்களுக்குப் புத்தகமும் உரிய உதவிக் கருவியும் இலவசமாகத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். நகல் ஒன்றை முத்திரை போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்திலும் கேட்கலாம். விண்ணப்பத்தில் வெறுமனே கருவியின் பெயரை எழுதாமல், அவன் நாளைப் பற்றி எழுதி வைத்தீர்களே, அதிலிருந்து "இந்த வேலையைச் செய்ய இது தேவை" என்று எழுதினால் விண்ணப்பம் வலுவாக இருக்கும். அதுவரை வீட்டில் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போனில், அதிலேயே உள்ள ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை இயக்கிக் கொடுங்கள்; கேட்டுப் படிக்க அதுவே போதும்.

அதே 17ஆம் பிரிவில் இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு தரும் வழியும் இருக்கிறது. பள்ளியில் இதை ஒரு சலுகையாக எடுத்துச் சொல்வார்கள், சுமை குறையுமே என்று பெற்றோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆங்கிலத்துக்கு விலக்கு வாங்காதீர்கள் என்பது என் கருத்து. கணக்கு வாசிக்கும் மென்பொருள், நிரல் எழுதுவது, கல்லூரி அறிவியல் புத்தகம் எல்லாம் அவனை ஆங்கிலத்தில்தான் வந்து சேரும். இப்போது கிடைக்கும் ஆறுதலுக்கு அவன் பின்னால் பெரிய விலை கொடுக்க நேரும்.

தேர்வுக்கு, 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்ளும் உரிமையும், கணினியிலோ பிரெயிலிலோ எழுதும் வாய்ப்பும் உண்டு என்றன. அதன் பிறகு விதிகள் மாறியிருக்கலாம். பொதுத்தேர்வுக்கான நடைமுறையைத் தலைமையாசிரியரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் விண்ணப்பக் கடைசி நாளன்று ஓட வேண்டியிருக்கக் கூடாது. சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டால் கணக்குத் தேர்வு முடிந்ததாக நினைக்காதீர்கள். மனதில் சரியாகப் போட்ட கணக்கை வாயால் சொல்லி இன்னொருவரைப் பிழையில்லாமல் எழுத வைப்பது தனித் திறமை. "அடைப்புக்குறி திற, எக்ஸ் பிளஸ் ஒன், அடைப்புக்குறி மூடு, மொத்தத்துக்கும் கீழே இரண்டு" என்று சொல்லப் பழக வேண்டும். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கவும், சமன்பாட்டுக்கு எண் கொடுத்து "ஒன்றாவதில் இதைப் பிரதியிடு" என்று சொல்லவும் பழக வேண்டும். வாரம் ஒரு மாலை, கணக்கே தெரியாத யாரையாவது எதிரில் உட்கார வைத்து நான்கு கணக்குகளைச் சொல்லி எழுத வைக்கட்டும். கணக்கு தெரிந்தவர் உட்கார்ந்தால் அவன் விட்டதையும் சேர்த்துத் தானே திருத்தி எழுதிவிடுவார். எங்கே தெளிவில்லாமல் சொல்கிறான் என்பது வெளியே வராது. உங்களுக்குக் கணக்கு அவ்வளவாக வராது என்று எழுதியிருந்தீர்கள். இந்த வேலைக்கு நீங்களே மிகப் பொருத்தம்.